கடைசியாகக் கண்ட இடம்

2009ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் திகதி, விக்டோரியா தின விடுமுறைத் திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியில் நாற்பத்தொன்றாம் இலக்க ரவுண்ஹவுஸின் கூரைக்கு இரண்டு மீற்றர் மேலே 1915ஆம் ஆண்டுப் பிரெஞ்சு இராணுவ விமானம் ஒன்று வந்து நின்றது. வட்டமிடவில்லை, இறங்கவுமில்லை. தரிப்பிடத்தில் பஸ் நிற்பதுபோல், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நின்றது. அதன் இறக்கை பதினொரு மீற்றர் நீளம், வீட்டின் அகலமோ ஐந்தரை மீற்றர்தான். அந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனாலும் விமானத்தின் நிழல் நாற்பத்தொன்றில் மட்டுமே, சுவருக்குச் சுவர் அளவெடுத்துத் தைத்ததுபோல் விழுந்தது. அடுத்த வீட்டு சுஹைர் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை செய்பவர். விமானங்களைப் பற்றித் தனக்கு ஓரளவு தெரியும் என்ற உரிமையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார், பிறகு நாற்பத்தொன்றின் கதவைத் தட்டினார். "வீரக்குட்டி அண்ணன், ஒங்கட ஊட்டுக்கு மேல பிளேன் ஒண்டு நிக்கிது. கார எடுக்கக்குள்ள பாத்து எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

வீரக்குட்டி உடனே வெளியே வரவில்லை. அவர் மனைவி குணவதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலை தமிழ் வானொலி, ஊரில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்திருந்தது. அறிவிப்பாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் பாதியில் அவருடைய குரல் நின்றுபோய், மிச்ச நேரத்துக்கு வயலின் ஒலித்தது. குணவதி அப்போது பேக்கரி வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அந்த இரைச்சல் கேட்டதும் அவள் யன்னலுக்குப் போகவில்லை, கூரையைப் பார்க்கவுமில்லை. அயன்பெட்டியை வைத்துவிட்டு ரெலிபோனை எடுத்துக் காதில் வைத்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தம்பி பிரதாபன், மட்டக்களப்பில் கிரானைச் சேர்ந்த மேசன், சண்டை நிறுத்தம் இருந்த 2003இல் வீடு கட்டும் வேலைக்கென்று வடக்கே வன்னிக்குப் போனவன், பாதைகள் பூட்டுப்பட அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். அந்தப் பக்கத்தில் தலைக்கு மேலே ஆளில்லாத வேவு விமானம் ஒன்று நாள் முழுக்கச் சுற்றும். சனங்கள் அதற்கு வைத்த பெயர் வண்டு. வண்டு குண்டு போடாது, சுடாது. பார்க்கும், அவ்வளவுதான். பார்த்துவிட்டுப் போனால் கொஞ்ச நேரத்தில் பார்த்த இடத்தில் பீரங்கிச் செல் விழும். பிரதாபன் யாருடையதோ சற்றலைற் போனில் கிழமைக்கு ஒருதரம் எடுப்பான். அவனுடைய குரலுக்குப் பின்னால் எப்போதும் அந்த இரைச்சல் இருக்கும். கடைசியாக எடுத்தது ஏப்பிரல் பதினைந்தாம் திகதி. "அக்கா, வண்டு நிக்குது, வைக்கிறன்" என்றான். வைத்தான். குணவதி மட்டக்களப்பை விட்டு வந்து பதினெட்டு வருடம். வண்டை அவள் கண்ணால் கண்டதே இல்லை. அவளுக்கு அது ரெலிபோனுக்குள் இருக்கிற ஒரு சத்தம். ஆகவே அந்தச் சத்தம் கேட்டபோது தம்பிதான் எடுக்கிறான் என்று நினைத்தாள். காதில் ரெலிபோனோடு ஐந்து நிமிடம் நின்றாள். ரெலிபோனில் ஒன்றும் இருக்கவில்லை, வீட்டுக்கு மேலேதான் இருந்தது.

வீரக்குட்டி ஏணியைக் கொண்டுவந்து கூரையில் சாத்தினார். மல்வேர்ன் வாடகைத் தொடர்மாடிகளின் நிலவறைகளில் உள்ள உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களைத் திருத்துவது அவருடைய வேலை. ஓடுகிற எந்தப் பொருளையும் அது ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் அவரால் விட்டுவைக்க முடியாது. ஏணியின் ஒன்பதாவது படியில் நின்று அவர் அந்த விமானத்தை ஒரு மணித்தியாலம் பார்த்தார். எஞ்சினைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அந்த நாளில் அப்படி இருந்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டார். சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் இருக்கும், நடுத்தண்டு சுழலும். இதில் நடுத்தண்டை விமானத்தின் உடம்போடு இறுக்கிப் பூட்டிவிட்டு, ஒன்பது சிலிண்டர்களும் சேர்ந்த முழு எஞ்சினையும் சுற்ற விட்டிருந்தார்கள், தண்ணீர் பிழிகிற கட்டத்தில் தோய்க்கும் இயந்திரத்தின் உருளை சுற்றுவதுபோல. காற்றாடியும் எஞ்சினோடு சேர்த்தே பூட்டியிருந்தது. எஞ்சின் சுற்றுவதால் அதுவே தன்னைக் காற்றில் ஆற்றிக்கொள்கிறது. தண்ணீர் வேண்டாம், தண்ணீர்த் தாங்கியின் பாரம் வேண்டாம்.

விமானத்தைச் சரித்துத் திருப்ப இறக்கையில் தனி மடல்கள் கிடையாது. துணி போர்த்திய முழு இறக்கையையும் கம்பிகள் பிடித்து இழுத்து முறுக்கின, ஈரச் சாரத்தை இரண்டு பேர் பிடித்து முறுக்குவதுபோல. ஒரு பக்கம் தாழ்ந்தால் மறு பக்கம் உயரும். வாலிலும் அசையாத பகுதி என்று ஒன்றும் இல்லை, கிடைவால் முழுவதும் விமானி பிடித்துச் செலுத்தும் தடியோடு அசைந்தது. அதனால் இந்த விமானத்துக்குத் தன்பாட்டில் நேரே போகத் தெரியாது. விமானி தடியிலிருந்து கையை எடுத்தால் அது மூக்கைக் குத்தும், அல்லது தூக்கும். முன் இருக்கையில் இருந்த ஆள் கையை எடுக்காமலே தொண்ணூற்று நான்கு வருடம் இருந்திருந்தார்.

எல்லாவற்றையும்விட இறக்கை இருந்த இடத்தை வீரக்குட்டி நெடுநேரம் பார்த்தார். அந்தக் காலத்து ஒற்றை இறக்கை விமானங்களில் இறக்கை விமானியின் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும், கீழே பார்த்தால் நிலத்தைப் பாதி மறைக்கும். இதைச் செய்தவர்கள் இறக்கையை அப்படியே கழற்றி, நாலைந்து கால்களில் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் இந்த வகையைக் குடை என்றே கூப்பிட்டார்கள். குடைக்குக் கீழே இரண்டு இருக்கைகள், ஒன்றின் பின் ஒன்று. முன்னால் இருப்பவர் ஓட்டுவார். பின்னால் இருப்பவருக்கு ஒரே வேலை: கீழே பார்ப்பது. மடியில் வரைபடம், நூலில் கட்டிய பென்சில். கண்ட இடத்தில் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி. வரைபடம் பீரங்கிக்காரரிடம் போகும். பிறகு புள்ளடி போட்ட இடத்தில் குண்டு விழும். இவ்வளவையும் ஒன்பதாவது படியில் விளங்கிக்கொண்டதும் வீரக்குட்டி இறங்கி வந்தார். மனைவிக்கு அதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவளுக்குச் சத்தத்திலேயே விளங்கியிருந்தது.

விமானி பிரெஞ்சு பேசினார். பதினேழாம் இலக்கத்து பேர்ணடெற் பாஷையூர்க்காரி, ரொறன்ரோவுக்கு வருமுன் பரிஸ் நகரில் பதினொரு வருடம் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியவர். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வருத்தம். ஏணியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவருடைய பிரெஞ்சில் உத்தரவுகளும் ஏச்சுக்களும் தாராளமாக இருந்தன, ஆனால் கடந்தகாலம் இருக்கவில்லை. விமானியின் பெயர் சீமோன் என்று கேட்டுச் சொன்னார். முகமெல்லாம் எண்ணெய்க் கரி. கை எடுக்க முடியாத ஆள் என்றபடியால் அவருடைய கண்ணாடியைப் பேர்ணடெற்தான் கோப்பை துடைக்கும் துணியால் துடைத்துவிட்டார். சீமோன் முதலில் கேட்டது, போர் முடிந்துவிட்டதா என்று. கீழே பல வீடுகளில் ஒரே நேரத்தில் ஒரே குரல் கேட்டதாகவும், பிறகு பல வீடுகளில் ஒரே நேரத்தில் ஆட்கள் அழுததாகவும், போர் முடியும்போதுதான் அப்படி இருக்கும் என்று அம்மா சொன்னதால் இறங்கி வந்ததாகவும் சொன்னார். பேர்ணடெற்றுக்குப் போர் என்றால் ஒரு போர்தான். எந்தப் போர் என்று கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சமையலறையில் சூப் தீர்ந்துபோனால் கத்துகிற சொல்லை எடுத்து, முடிஞ்சுது என்றார்.

பிழை விளங்க இரண்டு நாள் எடுத்தது. பேர்ணடெற் மறுபடி ஏணியில் ஏறி, தான் சொன்னது தங்கடை சண்டையை என்றும், அவருடையது தொண்ணூறு வருடத்துக்கு முன்னமே முடிந்தது என்றும் தன்னால் ஆனமட்டும் விளக்கினார். சீமோன், அப்படியானால் எது முடிந்தது என்று கேட்டார். "ரெண்டும்" என்று பேர்ணடெற் இரண்டு விரலைக் காட்டினார். கீழே இறங்கி மூச்சு வாங்கியபடி சொன்னார்: "உவன் இன்னும் இறங்கமாட்டானாம். உவன்ரை பின் சீற்றிலை இருந்தவன் ஜூன் மாசம் ஒரு நாள் நல்லாப் பாக்கவேணுமெண்டு எட்டிப் பாத்தவனாம். இவன் திரும்பிப் பாக்க ஆளில்லை. அண்டு துவக்கம் தேடுறான். இவனுக்கு ரெண்டு கையும் தடியிலை, கண் முன்னாலை. குனிஞ்சு பாக்க ஆள் வேணுமாம்."

குணவதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. வானொலி முகாம்களின் பெயர்களை வாசித்தது, தம்பியின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அவன் இருக்கிறானா என்பதைத் தவிர அவளிடம் வேறு கேள்வி எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

"நான் ஏறுறன்" என்றாள்.

"இது வண்டு, குணம். தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார் வீரக்குட்டி.

"தெரியும். அவனக் கடைசியாக் கண்டது வண்டுதானே. நாங்களா கண்டம்?"

வீரக்குட்டி ஏணியில் ஏறி இயந்திரத்தைக் கவனித்தார். எண்ணெய் தீரும் நிலையில் இருந்தது. இந்த எஞ்சினில் பெற்றோலும் காற்றும் எஞ்சினின் வயிற்றுக்குள்ளால்தான் சிலிண்டருக்குப் போகவேண்டும், ஆகவே சாதாரண எண்ணெயைப் பெற்றோல் கழுவிக்கொண்டு போய்விடும். பெற்றோலில் கரையாத எண்ணெய் ஒன்றுதான்: ஆமணக்கெண்ணெய். போன எண்ணெய் திரும்பி வராது, எரிந்ததும் எரியாததும் புகையோடு வெளியே சிந்தும். விமானி நாள் முழுக்க அதைச் சுவாசிப்பார், விழுங்குவார், வயிற்றால் போகும். மோர்னிங்சைட்டில் இரண்டு தமிழ்க் கடைகளிலும் மில்லிக்கனில் ஒரு கடையிலும் இருந்த ஆமணக்கெண்ணெய்ப் போத்தல்கள் முழுவதையும் வீரக்குட்டி வாங்கி வந்தார். அந்தக் கிழமை அந்த வரிசையில் யன்னலைத் திறந்து வைத்த எல்லா வீட்டுக்காரருக்கும் வயிற்றால் போனது. "அல்லாஹ்ட காவல், பேதி மருந்தில ஓடுற பிளேன இண்டைக்கித்தான் பாக்கன்" என்றார் சுஹைர். அவருடைய மனைவி ஸகியா தேயிலைச் சாயத்தில் தேசிக்காய் பிழிந்து பன்னிரண்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்.

எண்ணெய் ஊற்றுவதற்காக எஞ்சினை நிறுத்தினார்கள். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. காற்றாடி ஓய்ந்தபோதுதான் அதன் தகடுகளில் பூட்டியிருந்த இரும்பு ஆப்புகளை வீரக்குட்டி கண்டார். சீமோன் சொல்லப் பேர்ணடெற் விளங்கப்படுத்தினார்: காற்றாடிக்குள்ளால் நேரே முன்னுக்குச் சுட ஆசைப்பட்டிருக்கிறார்கள். துப்பாக்கி ரவை தகட்டில் பட்டால் காற்றாடி உடையும், ஆகவே படுகிற ரவை சறுக்கிப் போகட்டும் என்று ஆப்பு வைத்தார்கள். ஆப்பில் ஏழு பள்ளங்கள் இருந்தன. வீரக்குட்டி எண்ணினார். பார்க்க மட்டும் செய்த பொருளுக்கும் கொஞ்ச நாளில் சுட ஆசை வந்துவிடுகிறது என்று நினைத்தார், ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு நிற்க அது நேரமில்லை.

மே இருபத்துமூன்று, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் குணவதி பனிக்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் ஏறினாள். இருக்கையில் பட்டி ஏதும் இல்லை. சுஹைர் பெரிய பெட்டிகள் கட்டும் பட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவளை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். "அக்கா, எட்டிப் பாக்காதீங்க. எட்டிப் பாத்தவர்ர கதையக் கேட்டீங்கதானே" என்றார். அவளுடைய மடியில் பழைய வரைபடப் பலகையும் பென்சிலும் இருந்தன. கண்டால் புள்ளடி போடச் சொன்னார் சீமோன். விமானம் கூரையிலிருந்து விலகிக் கிழக்கே போனது.

அந்த விமானம் மணிக்கு நூற்றிருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடாது. ஸ்காபரோவிலிருந்து வன்னிக்குப் பதினாலாயிரம் கிலோமீற்றர் வரும், போவதற்கு மட்டும் நூற்றுப்பத்து மணித்தியாலம் வேண்டும். தாங்கியில் இருந்த பெற்றோல் இரண்டரை மணித்தியாலத்துக்குக் காணும். வீரக்குட்டி இதை ஒரு கடுதாசியில் எழுதிப் பார்த்தார், மூன்று தரம் பெருக்கிப் பார்த்தார். ஆனால் விமானம் போன பிறகும் அதன் நிழல் கூரையிலும் வாசலிலும் அப்படியே கிடந்தது. நிழல் கிடப்பதால் ஆள் வரும் என்று முடிவு செய்து, அதற்குள் நாற்காலி போட்டு இருந்தார். பதினொன்று இருபதுக்கு விமானம் நிழலுக்கு மேலே திரும்பி வந்து நின்றது.

குணவதியின் முகம் எண்ணெய்க் கரியால் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. பட்டியை அவிழ்த்து, அவளை இறக்கி, கதிரையில் இருத்தினார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளடியும் இல்லை. பென்சிலின் கூர் முறிந்திருந்தது. அதை அவளே பலகையில் குத்தி முறித்திருந்தாள்.

"கண்டன்" என்றாள்.

வீரக்குட்டி முதலில் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிய, "எப்பிடி இருக்கான்?" என்றார்.

"சாப்பாட்டுக் கோப்பையக் கையில வச்சிருந்தான். மெலிஞ்சிட்டான். பக்கத்தில ஒரு வெள்ளைக்காரன், தோல் கோட்டோட, அவனும் கோப்பையோட. நான் கையக் காட்டினன். தம்பி மேல பாத்தான்." அவள் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். "பாத்திட்டு, கோப்பையப் போட்டிட்டு ஓடினான். ரெண்டு பேரும் ஓடினாங்க. நான்தான் எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

மேலே எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. வீரக்குட்டி மெதுவாக, "எந்த இடம்?" என்றார்.

குணவதி தலையை ஆட்டினாள். "சொல்லமாட்டன். சொன்னா அங்க விழும்."

"சண்டைதான் முடிஞ்சிட்டே, குணம்."

"வண்டு மேலதானே நிக்குது."

பேர்ணடெற் ஏணியின் நடுப்படியில் நின்று சீமோனுக்கு இதைச் சொன்னார்: ஆள் இருக்கிறான், உன்னுடைய ஆளும் இருக்கிறான், கண்டிருக்கிறாள். சீமோன் எங்கே என்று கேட்டார். பேர்ணடெற் திரும்பிக் குணவதியைப் பார்த்தார், அவள் முறிந்த பென்சிலைக் கைக்குள் பொத்திக்கொண்டிருந்தாள். சீமோன் அதைக் கண்டார். ஒன்பது மாதம் புள்ளடி போட்ட வரைபடங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். புள்ளடிக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அந்த வளவில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவர் மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார், இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஆனால் போகவுமில்லை. தன்னுடைய ஆள் இருக்கிற இடம் தெரிந்த ஒரே மனுஷி இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறாள். அவள் சொல்கிற நாளில் தான் இங்கே இருக்கவேண்டும் என்று நினைத்தார்.

அதன் பிறகு குணவதி ஏறவில்லை. வீரக்குட்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏணி வைத்து எண்ணெய் ஊற்றினார், கம்பிகளின் இழுவையைச் சரிபார்த்தார், பனிக்காலத்தில் இறக்கைத் துணியில் சேரும் பனியைத் தும்புத்தடியால் தட்டினார். பேர்ணடெற் கண்ணாடியைத் துடைத்துவிட்டார், முழங்கால் முற்றாக ஏலாமல் போனபோது அந்த வேலையை சுஹைர் எடுத்துக்கொண்டார். 2011இல் வளவு நிர்வாகம் கூரையில் அனுமதியில்லாத பொருள் நிற்பதாகக் கடிதம் அனுப்பியது. ஒரு பெண் வந்து பார்த்தார், கூரையில் எதுவும் தொடவில்லை என்பதை உறுதிசெய்தார், படிவத்தில் அதற்குரிய கட்டம் இல்லாததால் டிஷ் அன்ரனா என்று பதிந்துவிட்டுப் போனார். எண்ணெய் சிந்துவதால் நாற்பத்தொன்றின் பின்வளவில் புல் வரவில்லை. இரண்டு கோடை கழித்து அங்கே யாரும் நடாத ஆமணக்கு மூன்று செடி வந்தது, ஒவ்வொரு பனிக்காலமும் செத்து ஒவ்வொரு ஜூனிலும் முளைத்தது.

2018இல் காணாமற்போனவர்களைப் பற்றிய படிவம் ஒன்று தபாலில் வந்தது. வீரக்குட்டி மேசையில் வைத்து வாசிக்க, குணவதி நிரப்பினாள். பெயர், வயது, தொழில், அங்க அடையாளம்: இடது பெருவிரலில் சீமெந்து அரித்த தழும்பு. கடைசியாகக் கண்ட திகதி என்ற இடத்தில் 2009 மே 23 என்று எழுதினாள். கடைசியாகக் கண்ட இடம் என்ற இடத்தில் பேனையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வீரக்குட்டி வேறு பக்கம் பார்த்தார். ஒன்பது வருடமாக அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் இருப்பது ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யவேண்டிய வேலையாக இருந்தது. அவள் அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுப் பேனையை மூடினாள். நாலு மாதத்தில் படிவம் திரும்பி வந்தது. திகதி போர் முடிந்ததற்குப் பிந்தியது, தவறாக இருக்கலாம், திருத்தவும், இடத்தையும் குறிப்பிடவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவள் அதே திகதியை அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் தெளிவான எழுத்தில் எழுதி, மற்றக் கோட்டை வெறுமையாக விட்டுத் திருப்பி அனுப்பினாள். மூன்று தரம் அப்படிப் போய் வந்தது. பிறகு வரவில்லை.

இப்போது அந்த வரிசையில் வழி கேட்பவர்களுக்கு, பிளேன் நிற்கிற வீட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகக் குடிவருபவர்கள் ஒரு கிழமை அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு யன்னலைப் பூட்டி வைக்கப் பழகிவிடுவார்கள். ஒரு காரியம் மட்டும் வித்தியாசம். அந்த வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கிறவர்களுக்கு முதலில் எஞ்சின் இரைச்சல்தான் கேட்கும், சிலர் பயந்து வைத்துவிடுவார்கள். குணவதி வீட்டுப் போனை வெட்டாமல், தம்பிக்குத் தெரிந்த அதே இலக்கத்தில் வைத்திருக்கிறாள். ஆகவே மணி அடித்தால், யார் என்று கேட்பதற்கு முன்னமே, வங்கிக்காரரானாலும் பிழையான இலக்கமானாலும், ஒரே மாதிரித்தான் தொடங்குகிறாள்.

"வைச்சிராத, மனே. இது எங்கட வண்டு."